வாசலைக் காத்த செலிண்டா

கராரா மலையில் பளிங்கு வெட்டும் இயக்கத் தோழர் யாராவது சாகக் கிடந்தால், மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவார்கள். கடைசி நேரத்தில் பாவமன்னிப்பு கொடுத்து மனத்தை மாற்றப் பாதிரியார் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் காவல். மேலிருந்து சரிந்த கல் அன்செல்மோவின் நெஞ்சை நசுக்கிய அன்று முதல் ஆளாக உட்கார்ந்தவள் செலிண்டா.

அவளைவிட யாருக்கு உரிமை? கடவுளும் வேண்டாம், அரசும் வேண்டாம் என்று மேடையில் முழங்கிய அன்செல்மோவை நம்பி, கோயில் கல்யாணமும் இல்லாமல் பதிவும் இல்லாமல், மதுக்கடையில் தோழர்கள் முன்னால் கைகோத்து வந்தவள் அவள். பெற்ற தாய் கதவைச் சாத்தினாள். சந்தையில் காதுபடவே வைப்பாட்டி என்றார்கள். அவன் சிறையில் கிடந்தபோதெல்லாம் ஊரார் துணியைத் துவைத்து, காட்டில் பொறுக்கிய கஷ்கொட்டைகளின் மாவைக் கிண்டி வயிற்றைக் கழுவினாள். பைத்தியக்காரி, ஒரு நாளும் வருந்தியதில்லை.

மறுநாள் ரத்தம் படிந்த துணிகளை அலசிவரப் போனாள். வாசலில் அவனுடைய உயிர்த்தோழன் துல்லியோவை உட்கார்த்திவிட்டுத்தான் போனாள். திரும்பியபோது அவன் எதிர்ச்சுவரில் சாய்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"உள்ள யாரு?"

"பாதிரியார். அன்செல்மோதான் கூப்பிடச் சொன்னான்."

"அப்புறம் நீ எதுக்குடா காவல் உக்காந்தே?"

"யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாதுன்னு நாமதானே சொல்றோம், செலிண்டா. அவனே கேக்கறப்போ நான் எப்படித் தடுக்கறது?"

கொள்கை எவ்வளவு சௌகரியமாக வளைகிறது பாருங்கள்.

அவள் உள்ளே போனாள். பாதிரியார் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த வாழ்க்கை பாவம்னு அவர் ஒத்துக்கிட்டார். நீ இங்க இருக்கக் கூடாதும்மா."

"நான் பாவமா, அன்செல்மோ?"

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "பயமா இருக்கு செலிண்டா. கொஞ்சம் வெளிய போ."

அவனுக்குப் பயமாம். அவளுக்குப் பயமில்லாமல் விடிந்த நாள் ஒன்று உண்டா? அவள் வெளியே வந்தாள். அவன் உயிர் போனபோது பக்கத்தில் பாதிரியார்தான் இருந்தார்.

சாயங்காலம் இயக்கத்தின் கறுப்புக் கொடியோடு தோழர்கள் வந்தார்கள். துல்லியோ அவள் காதருகே வந்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. இயக்கத்துக்குக் கெட்ட பேர்."

அதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார். "கடைசி வரைக்கும் உறுதியா இருந்தாராம்மா?"

"நான் இருந்தேன்," என்றாள் செலிண்டா. "உங்க தோழர் பாதிரியாரக் கூப்பிட்டு, என்னோட வாழ்ந்தது பாவம்னு சொல்லிட்டுச் செத்தாரு. கோயிலுக்கு நான் என்னிக்கும் பெண்டாட்டி இல்ல. இப்போ அவருக்கும் இல்ல. யாரு செத்ததுக்கு நான் அழணும்னு நீங்களே சொல்லுங்க."