காற்று இறக்கும் ஊசி

பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பார் சார். திருவனந்தபுரத்தில் நான் படித்த ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு உடற்கல்வி எடுத்தவர். சின்னப் பிள்ளைகளை எப்படி ஓட, குதிக்க, எறிய, பிடிக்கப் பழக்குவது என்று எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியவர். அந்த ஊசியால் அவர் காற்று ஏற்றியதைவிட இறக்கியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் மட்டும் அலமாரி திறக்கும். பந்துகள் கல்லாக உப்பும். அவற்றைக் கையில் ஏந்தி வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வோம். வந்தவரின் கார் கேட்டைத் தாண்டியதும் சாரின் ஊசி வெளியே வரும். புஸ்ஸென்று ஒவ்வொன்றாக அடங்கும். "காற்று கிடந்தா பந்து கேடாவும், கேட்டியாடே" என்பார்.

மைதானம் இருந்தது. வகுப்பு மட்டும் மாடியில் நடந்தது. எங்களோடு படித்த, சேலை கட்டிய அக்காமார் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள்; பெஞ்சுகளுக்கு நடுவில் அவர்களை உயரப்படி நிறுத்துவோம். நிறுத்தி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். "வரி நேராச்சா, கிளாஸ் நேராச்சு. மதி, இன்னைக்கு இது போதும்" என்று சார் இறங்கிப் போவார். அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் மண் பட்டு நான் பார்த்ததில்லை. வியர்ப்பதைக் கேவலமாக நினைத்த மனிதருக்கு உடற்கல்வியைக் கொடுத்திருந்தார்கள்.

ஆரியசாலைச் சந்தையில் மூட்டை இறக்கும் என் அப்பா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர். "ஏலே, ஓடச் சொல்லிக் குடுக்கதுக்கு ஒரு படிப்பாலே? நாய் தொரத்துனா தன்னால ஓடிட்டுப் போறான்" என்று சிரிப்பார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அவருக்கு ஒரு பதில் சொல்ல ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் சாரின் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்து, அவர் வாயைத் திறந்தால் வரும் என்று காத்திருந்தேன். வந்ததெல்லாம் கொட்டாவி.

பதில் கிடைத்தது சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள பள்ளியில், பயிற்சிக்குப் போன இடத்தில். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொள்வாள். "பேடித்தொண்டி, பயந்தாங்கொள்ளி" என்று மற்றவர்கள் கத்துவார்கள். நிலையத்துப் பந்துகள் பூட்டிக் கிடந்ததால் செய்தித்தாளைக் கசக்கி, நூல் சுற்றி, உருண்டை செய்து அவளுக்கு வீசினேன். முதலில் அது மடியில் விழ விட்டாள். பிறகு கையை நீட்டினாள். கடைசியில் கண்ணைத் திறந்துகொண்டே பிடித்தாள். ஓடவும் பிடிக்கவும் தானாக வராத பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் படிப்பு என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

செய்முறைத் தேர்வன்று சார் பந்துகளோடு அந்தப் பள்ளிக்கு வந்தார். எல்லாம் பளபளவென்று உப்பியிருந்தன. அவளைச் சுட்டி, "எடே, அதைக் கொண்டுபோய் குடிக்கிற வெள்ளத்துக் குடத்துப் பக்கம் இருத்து. பந்து தாழ விழுந்தா உன் மார்க்கும் தாழ விழும்" என்றார். நான் இருத்தவில்லை. வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு வீசினேன். கண்ணைத் திறந்தபடி கையை நீட்டினாள். பந்து அவள் நெஞ்சில் மோதித் தெறித்து ஓடியது.

"சாரே, கல்லுபோல இருக்கு" என்றாள். என்னைப் பார்த்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

"நான் அப்பளே பறஞ்சேனில்லையா?" என்றார் சார், டீச்சருக்குக் கேட்கும்படி.

நான் நேராகப் போய் அவர் பையிலிருந்து ஊசியை உருவினேன். பந்தில் குத்திப் பாதிக் காற்றை இறக்கினேன். இப்போது அமுக்கினால் குழிந்தது. திரும்ப வீசினேன். பந்து அவள் கைகளுக்குள் அமுங்கி நின்றது. அவளே நம்பாமல் அதைப் பார்த்தாள். பிறகு விடவே மாட்டேன் என்று கட்டிக்கொண்டாள்.

"இது கொள்ளாமே, நல்லாருக்கே! யாரு படிப்பிச்சது?" என்றார் டீச்சர்.

"நம்ம முறைதான் டீச்சரே" என்றார் சார், கண் இமைக்காமல். என் அகமதிப்பெண்ணை அவர் குறைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. தேறினேன், தட்டுத்தடுமாறித் தேறினேன்.

போன மாதம் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் மேடையில் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவர், இப்போது நிபுணர். அதே வெள்ளை ஷூ. தொடக்கப் பள்ளிக்குப் பாதிக் காற்றுப் பந்துதான் நல்லது, இது தன் நீண்டகால அனுபவம் என்று திரையில் படம் போட்டு விளக்கினார். கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கூசியிருக்க மாட்டார். என் பள்ளியில் அலமாரிக்குப் பூட்டு கிடையாது. பிள்ளைகள் உதைத்து உதைத்து என் பந்துகளின் தோல் உரிந்துவிட்டது. அதைச் சொல்ல எழலாம் என்று நினைத்தேன். அதற்குள் எல்லாரையும் மேடைக்கு அழைத்துப் படம் எடுத்தார்கள். நடுவில் பந்தோடு சார்.

படம் எடுத்து முடிந்தது. சார் சட்டைப் பையைத் தடவி ஊசியை எடுத்தார். பந்தில் இருந்த மீதிக் காற்றையும் இறக்கிவிட்டார்.