ஓடாத வண்டிக்கு நல்ல விலை

இன்னைக்கு எங்க வேனை வித்தாச்சு. உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கும். ஊர் ஊராப் போய் அதுலயே தங்கலாம்னு ஆசைப்பட்டு வாங்கினது.

எங்களுக்கு சிவகாசியில காலண்டர் அச்சடிக்கிற தொழில். "சீசன் முடியட்டும், காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வருவோம்"னு வீட்டுக்காரர் சொல்லுவார். இந்த ஊர்ல சீசன் என்னைக்கு முடிஞ்சிருக்கு?

ஒரே ஒரு தடவை, பக்கத்துல இருக்கிற வெம்பக்கோட்டை அணை வரைக்கும் போனோம். டீ கொதிக்கிறதுக்குள்ள அவசர ஆர்டர்னு போன். அடுப்பை அணைச்சிட்டுத் திரும்பிட்டோம்.

வாங்க வந்தவர் பக்கத்து ஊரு, ஏழாயிரம்பண்ணைக்காரர். மீட்டரைப் பாத்ததும் அவருக்கு முகமே மாறிருச்சு.

"இம்புட்டுத்தான் ஓடியிருக்கா? புது வண்டியாட்டம்ல வச்சிருக்கீக!"

பேரமே பேசல. கேட்ட விலையைக் குடுத்துட்டார்.

"பாத்தியா, ஒத்த ரூவா நஷ்டமில்ல"னு வீட்டுக்காரர் எங்கிட்ட பெருமையா சொன்னார்.

"இதுல எங்க போகப் போறீகண்ணே?"னு வந்தவர்கிட்ட கேட்டேன்.

"எங்க போக, அக்கா? படுக்கையைக் கழட்டிட்டு சீட்டு போடணும். பட்டாசு ஆலைக்கு வேலையாள் கூட்டிட்டுப் போக வர ஆகும்."

நான் தைச்ச ஜன்னல் திரையை மட்டும் கழட்டிக்கிட்டேன். இப்ப அது எங்க அடுப்படி ஜன்னல்ல தொங்குது. வெளிய பாத்தா பக்கத்து வீட்டுச் சுவர்.

உங்க வண்டி எம்புட்டு ஓடியிருக்கு? எங்கெங்க போனீகன்னும் சேத்து எழுதுங்க. நிறைய ஓடியிருந்தா விலை கிடைக்காதுதான். ஆனா நான் பொறாமைப்படுவேன்.