எட்டு இல்லாத எண்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து வீட்டுக் கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். முதலியார்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கவிதாவின் அம்மா வசந்தா கூப்பிட்டாளே என்று நானும் போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டேன். நாலு பேர் முன்னால் உட்காரவே எனக்குக் கூச்சம்... உங்களிடம் மட்டும்தான் இந்த வாய்.

பஜ்ஜி வந்தது. பையனின் அப்பா அதைத் தொடவில்லை. பையிலிருந்து பெரிய கால்குலேட்டர் ஒன்றை எடுத்து, 12345679 என்று தட்டினார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாம் உண்டு — எட்டு மட்டும் கிடையாது. எட்டு சனியின் எண்ணாம். சனி தொடாத சுத்தமான எண் இதுவாம்.

கவிதாவின் அப்பாவிடம் பிடித்த நம்பர் ஒன்று சொல்லச் சொன்னார். அவர் ஐந்து என்றார். ஐந்தை ஒன்பதால் பெருக்கினால் நாற்பத்தைந்து. அந்தச் சுத்தமான எண்ணை நாற்பத்தைந்தால் பெருக்கினார்.

555555555!

கேட்டதைக் கொடுக்கும் எண்ணாம். வீடே வாயைப் பிளந்தது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பிளக்காமல் இருப்பேனா?

அப்புறம்தான் பெண்ணின் பிறந்த தேதி கேட்டார். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எட்டாம் எண்காரி வந்தால் கடை படுத்துவிடுமாம். ஆனாலும் பெரிய மனசு பாருங்கள் — இருபத்தேழு என்று சொல்லிக்கொண்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லையாம். சனிபகவானுக்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ!

வசந்தா உடனே சரி என்றாள். பிரசவ வலி பட்டவளே தேதியைத் தள்ளி வைத்துவிட்டாள். வருஷக்கணக்கில் வரன் தேடி அலுத்தவள். அவளை என்ன சொல்ல?

அதுவரை குனிந்திருந்த கவிதா நிமிர்ந்தாள்.

"எனக்குப் புடிச்ச நம்பரையும் போட்டுக் காட்டுங்க அங்கிள். எட்டு."

எல்லோரும் பார்க்கிறார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தன் விரலாலேயே எழுபத்திரண்டால் பெருக்கினார்.

888888888.

வரிசையாக ஒன்பது சனி!

"கேட்டதக் குடுக்குது அங்கிள். நல்ல நம்பருதான்" என்றாள்.

பையன் சிரித்துவிட்டான். அப்பா திரும்பியதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

நான் கதவோரத்தில் விரல் விட்டு எண்ணினேன். எட்டை அண்டவிடாத அந்த 12345679-ல் மொத்தம் எத்தனை இலக்கம் தெரியுமா? எட்டு! சொல்ல வாய் துடித்தது. துடித்ததோடு சரி.

மறுநாள் தரகர் வந்தார். அப்பா வேண்டாம் என்கிறார், பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, தேதியெல்லாம் அவன் பார்ப்பதில்லை, ரகசியமாகச் சொல்லச் சொன்னான் என்றார். வசந்தா மகளின் முகத்தையே பார்த்தாள்.

"அத ஏன் எங்கிட்ட சொல்லி அனுப்புறாரு? அவுங்க அப்பாகிட்ட சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டாருன்னா எனக்கும் சம்மதம்" என்றாள் கவிதா.

வாரம் முடியப்போகிறது. தரகரைக் காணோம்.

அப்பாவாவது சனிக்குப் பயந்தார்... அப்பாவுக்கே பயப்படுகிற பிள்ளைக்கு எந்தக் கிரகத்தைக் குறை சொல்வது?