ஹரோ மலையை வரைந்த அமெரிக்கர்

2009ஆம் ஆண்டின் முற்பாதியில், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி நாங்களெல்லாம் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றோம். வைகாசியோடு எல்லாம் முடிந்துபோனது. அதன்பிறகு பேக்கரியில் காலை ஷிப்ட் முடிந்து வெம்பிளி வீட்டுக்கு வந்தால் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இப்பிடியே இருந்தால் ஏலாது, எங்கையாவது போய் ஏதாவது படியும்" என்று கணவர் சொல்லிச் சொல்லி, இலையுதிர் காலத்தில் கவுன்சிலின் மாலை வகுப்பொன்றில் சேர்ந்தேன். பென்சில் ஓவிய வகுப்பு.

அங்கே இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். தமிழ்நாட்டுக்காரி, என்னைவிட இளையவள். வங்கியொன்றில் கணினி வேலை பார்த்தவள். அந்த வருடப் பண நெருக்கடியில் வேலை போய்விட்டது. முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒருநாள் ஆசிரியை ஆளுக்கொரு தாள் தந்தார். ஒவ்வொன்றிலும் பழைய ஓவியர் ஒருவரைப் பற்றிய குறிப்பு. படித்துவிட்டு வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். அவளுக்கு உலகமே அறிந்த இத்தாலியர் கிடைத்தார். எனக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர், ஒரு சித்திர வாத்தியார். நான் கேள்விப்பட்டே இராத ஆள். முகம் சுருங்கிப்போய்த்தான் தாளை வாங்கினேன்.

ரயிலில் படிக்கத் தொடங்கியதும் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். அவர் வயலில் பாடுபட்ட கமக்காரன் ஒருவரின் மகன். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியிருக்கிறார். பிறகு ஊர் ஊராகப் போய் முகங்கள் வரைந்து பிழைத்திருக்கிறார். அந்த நேரம் வங்கிகள் உடைந்தன. படம் வரையச் சொல்லிக் கேட்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பிக்கப் போனார். அச்சுப் படங்களைப் பார்த்துக் கீறுவதுதான் அக்காலத்துப் பாடம். இவர் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டுபோய் வேலியையும் வண்டியையும் வரையவிட்டார். பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள். அவர் விடவில்லை.

அடுத்த வகுப்பு தொடங்குமுன் தமிழ்நாட்டுத் தோழியிடம் இதைச் சொன்னபோது கண்ணை விரித்தாள். "அப்பவும் பேங்க்தான் கவுத்துச்சா, அக்கா?"

"ஓம். அதாலதான் அவர் வாத்தியார் ஆனவர்."

"அப்ப எனக்கும் ஏதோ வரப்போகுது" என்று சிரித்தாள்.

தாளின் பின்பக்கத்தில், அவர் ஒரு வருடம் லீவெடுத்து லண்டன் வந்தார் என்றும், இங்கே வரைந்த சில படங்கள் இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன என்றும் இருந்தது. பார்க்க முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "போன் பண்ணிக் கேளுங்கள், யாருக்கும் காட்டுவார்கள்" என்றார். நான் நம்பவில்லை. பேக்கரியில் பாண் அடுக்குகிற எனக்குமா?

காட்டினார்கள். நானும் தோழியும் போனோம். படத்தில் மை பட்டுவிடும் என்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலை மட்டும் உள்ளே விட்டார்கள். நீண்ட மேசையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் ஒரு படகு, பிறகு சந்தை, பிறகு ஒரு நாய். அடுத்த படத்தில் புல்வெளி, வளைந்து ஏறும் பாதை, தூரத்தில் மரங்கள் மூடிய மேடு, அதன் உச்சியில் ஊசிபோல ஒரு தேவாலயக் கோபுரம். கீழே அவருடைய கையெழுத்தில் ஹரோ என்று இருந்தது.

தினமும் வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் பார்க்கிற கோபுரம் அது.

"இது எங்கட ஹரோ மலை" என்றேன். குரல் கூடிவிட்டது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா அக்கா, நம்ம ஏரியாதான்" என்று அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க நின்னு வரைஞ்சிருப்பாரு?"

அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக இருவருக்கும் மனமில்லை. படத்தைப் பார்த்துப் பென்சிலால் கீறி எடுத்துக்கொண்டு மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறினோம். வெம்பிளியில் இறங்கி, மலைக்குக் கிட்டவுள்ள சட்பரிப் பக்கம் நடந்தோம். ஒரு தெருவில் கோபுரம் வீடுகளுக்குப் பின்னால் மறைந்தது. அடுத்த தெருவில் மேட்டின் மற்றப் பக்கம் தெரிந்தது. மழை தூறியது. "அக்கா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று அவள் முன்னால் ஓடினாள். நான் பேக்கரிச் சப்பாத்தோடு பின்னால் ஓடினேன்.

கம்பளம் விற்கிற கடையொன்றின் கார் நிறுத்துமிடத்தில் அவள் நின்றுவிட்டாள். தாளை உயர்த்திப் பிடித்தோம். மேட்டின் சரிவும் கோபுரமும் தாளில் இருந்தபடியே இருந்தன. பாதை வளைந்த இடத்தில் இப்போது தார் ரோடு அதேபோல வளைந்து போனது. துல்லியமாக அந்த இடம்தானா என்று சத்தியம் செய்ய ஏலாது. ஆனால் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நனைந்துகொண்டே அங்கேயே நின்று வரைந்தோம்.

வகுப்பில் பேசும்போது எழுதிவைத்த ஆங்கிலத்தைப் பார்க்கவே இல்லை. கை ஆட்டி, பலகையில் கீறி, மூச்சு வாங்கிச் சொன்னேன். லண்டனில் அவருடைய பெரிய ஓவியத்தைக் கண்காட்சிக்கு எடுக்கவில்லை, அவர் திரும்பிப் போய் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் நின்றார், முதுமை வரை படிப்பித்தார், அவரிடம் படித்தவர்கள் வரைபடமும் செடிகொடிகளும் வரைகிறவர்களாகப் பேர் எடுத்தார்கள் என்று சொல்லி முடித்தேன். பிறகு ஆசிரியை, "அந்த இடத்தை எங்களுக்கும் காட்டுவீர்களா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை முழு வகுப்பும் மடக்குக் கதிரைகளோடு அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தது. கவுன்சில்காரர் இடத்தை அளக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கடைக்காரரான குஜராத்தி பதறிக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மலையைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார், மறுபடியும் மலையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், விற்பனைக்கு வைத்திருந்த கம்பளத் துண்டுகளைக் கொண்டுவந்து எங்கள் கால்களுக்குக் கீழே விரித்துவிட்டார். தரை ஈரமாம், குளிருமாம்.