அக்காவின் ஐந்தரைக் கட்டை

எங்க குழுவுல மொத்தமே மூணு பேர்தான். பாடறது என் அக்கா. கீபோர்டு வாசிக்கிறது அவ வீட்டுக்காரர், அதாவது என் மாமா. டிரம்ஸ் அடிக்கிறது நான். பகல்ல நான் வீடு வீடா பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கொண்டு போய் இறக்குற வண்டி ஓட்டறேன். மாமா கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறார். அக்கா ஒரு துணிக்கடையில, நீளமான பேன்ட்டையெல்லாம் குட்டையாக்கித் தர்ற தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருப்பா. சனி ஞாயிறு வந்தா மட்டும் நாங்க கலைஞர்கள். சாமானையெல்லாம் என் வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்புவோம். "இந்த வண்டியை என்னிக்காவது கழுவியிருக்கியாடா?"ன்னு ஏறும்போதே அக்கா ஆரம்பிச்சிடுவா.

கலைஞர்கள்னு சொன்னதை ரொம்பப் பெரிசா எடுத்துக்காதீங்க. பிறந்தநாள் பார்ட்டி, யாராவது வேலையிலேர்ந்து ஓய்வு பெற்றா பாராட்டு விழா, ஓட்டல்ல வார இறுதி சாயங்காலம், அவ்வளவுதான். மேடைன்னு ஒண்ணு இருந்தா அன்னிக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலும் கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு மூலையைக் காட்டி, "இங்க போட்டுக்கங்க, சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்"பாங்க. சத்தம் கம்மியா வேணும்னா டிரம்ஸ்காரனை எதுக்குய்யா கூப்பிட்டீங்க? டிரம்முக்குள்ள போர்வையைத் திணிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிப்பேன். எதிர் மேசைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சாப்பிடுவாரு. கேக் வெட்டற நேரம் வந்தா பாட்டு பாதியில நிக்கணும். அப்புறம் யாராவது ஒரு பெரிய மனுஷர், ரெண்டு ரவுண்டு உள்ள போனதும், "நான் ஒரு பாட்டு பாடறேன்"னு வந்து மைக்கைப் பிடுங்குவாரு. அவருக்கு சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அவருக்குத்தான் கைதட்டல் பிரமாதமா இருக்கும். எனக்கு வயிறு எரியும். மாமா மட்டும் சிரிச்ச முகமா அவர் போற பக்கமெல்லாம் வாசிச்சுக்கிட்டே ஓடுவாரு.

ஆனா அக்கா வாயைத் திறந்தா கதையே வேற. உடனே எல்லாரும் திரும்பிடுவாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். மெதுவா ஒரு மேசையில பேச்சு நிக்கும். கரண்டி ஒண்ணு கீழ இறங்கும். தண்ணி ஊத்திக்கிட்டு வந்த பையன் ஜாடியோட அப்படியே நிப்பான். ஒரு பாட்டு இருக்கு, சரணம் படிப்படியா மேல ஏறிக்கிட்டே போகும். எங்களுக்குள்ள அதுக்கு மாடிப்படின்னே பேரு. கடைசிப் படியில அக்கா ஒரு நீளமான சுரத்தைப் பிடிச்சு நிறுத்துவா பாருங்க, பின்னாடி உக்காந்து அடிக்கிற எனக்கே கண்ணு கலங்கும். என் அக்காங்கறதால சொல்லலை. சத்தியமா அப்படித்தான்.

அவளுக்கு ஒரே பெருமை, அவ சுருதி. கட்டைன்னு சொல்லுவாங்க இல்லையா, சுருதியோட உயரம், அதுல ஐந்தரைக் கட்டை அவளோடது. கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து அதான். மாமா கீபோர்டுல எந்தக் கறுப்புக் கட்டையிலேர்ந்து ஆரம்பிக்கணும்னு அவளுக்கு அத்துப்படி. பாடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் விரலைப் பார்த்துக்குவா. "வயசானா இறக்கிக்குவாங்க, நான் இறக்க மாட்டேன்"பா. நகை நட்டு எதுலயும் ஆசை கிடையாது. இது ஒண்ணுதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆச்சு. கழுத்துல ஏதோ இருக்குன்னாங்க, எடுத்தாங்க, நல்ல வேளை உசுருக்கு ஒண்ணுமில்ல. குரல் கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம்னு டாக்டர் முதல்லயே சொல்லியிருந்தார். தேறி வந்ததும் வீட்டு முன் ரூம்ல ஒத்திகை. மாடிப்படி வாசிக்கச் சொன்னா. ரெண்டாவது படியிலேயே குரல் உடைஞ்சுது. திரும்பப் பாடினா, திரும்ப உடைஞ்சுது. மைக்கைக் கீழ வச்சுட்டு, "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது"ன்னு சொன்னா. அழக்கூட இல்ல.

"போய்க் கொஞ்சம் வெந்நீர் குடிச்சிட்டு வாம்மா, தொண்டை வறண்டிருக்கு"ன்னு மாமா சொன்னார். அவ சமையலறைக்குப் போனா. மாமா கீபோர்டுல ஒரு பட்டனை மூணு தடவை அமுக்கினார். அமுக்க அமுக்க வாத்தியத்தோட சுருதி அரை அரையா இறங்கும். ஐந்தரை நாலாயிடுச்சு. இதுல விஷயம் என்னன்னா, கை அதே கட்டையிலேயே இருக்கும், சத்தம் மட்டும் கீழ வரும். நான் பார்த்துட்டேன். அவர் வாய் மேல விரலை வச்சுக்கிட்டார்.

அக்கா வந்தா, அவர் விரலைப் பார்த்தா. அதே கறுப்புக் கட்டை. பாடினா. கடைசிப் படி வரைக்கும் ஏறிட்டா. "வந்துடுச்சுடா! டேய், வந்துடுச்சுடா!"ன்னு என்னை வந்து கட்டிப் பிடிச்சா. தாளத்தட்டு சரிஞ்சு கீழ விழுந்துச்சு. சிரிக்கிறா, அழறா, மாமா தலையைக் கலைச்சு விடறா. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு யாருக்காவது உண்மையைச் சொல்ல வாய் வருமா? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அது அப்படியே நின்னுடுச்சு. கீபோர்டுல சுருதி எவ்வளவு இறங்கியிருக்குன்னு எண் தெரியற இடத்துல மாமா ஒரு ஸ்டிக்கரை ஒட்டிட்டார். கரண்ட் போய் வந்தா சுருதி பழைய இடத்துக்கே திரும்பிடும், அதனால கரண்ட் வந்த உடனே அவர் கை தானா அங்க போகும். அக்காவுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேக்கறீங்களா? வீட்ல ரேடியோ பாடினா அவ வாயைத் திறக்க மாட்டா. "அவங்க பாடறப்ப நான் எதுக்குக் குறுக்க?"ம்பா. கூடப் பாடியிருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும், எங்களுக்கு அது வசதியாப் போச்சு. அவ அதோட நின்னாளா? நிகழ்ச்சியில மைக்கைப் பிடிச்சு, "ஆபரேஷன் பண்ணின தொண்டைங்க இது, இன்னும் ஐந்தரைக் கட்டை!"ன்னு சொல்லிட்டுத்தான் மாடிப்படியை ஆரம்பிப்பா. யாருக்காவது கழுத்துல ஆபரேஷன்னு கேள்விப்பட்டாப் போதும், ஆஸ்பத்திரிக்கே போய் அந்தப் பொம்பளை கையைப் பிடிச்சுக்கிட்டு, "பயப்படாதீங்க, என் குரல் வரலையா?"ன்னு பாடிக் காட்டிட்டு வருவா. மாமா வாசல்லயே நிப்பாரு, உள்ள வர மாட்டாரு.

இந்த வருஷம் ஒரு ஓய்வு பாராட்டு விழாவுல பெரிய குழு ஒண்ணோட தலைவர் விருந்தாளியா வந்திருந்தார். இருபது பேர் வாசிக்கிற குழு. நிஜ மேடை, நிஜ விளக்கு, டிக்கெட் வாங்கிட்டு வந்து கேக்கற ஜனம். மாடிப்படியைக் கேட்டுட்டு நேரா அக்காகிட்ட வந்தார். "எங்க அடுத்த நிகழ்ச்சியில இதை நீங்க பாடணும்மா. ஒரிஜினல் சுருதியில, ஐந்தரையில பாடுவீங்கல்ல?" "நான் எப்பவுமே ஒரிஜினல் சுருதிதாங்க"ன்னா அக்கா. வண்டியில திரும்பி வரும்போது சின்னப் பிள்ளை கணக்கா பேசிக்கிட்டே வந்தா. மாமா பக்கத்துல உக்காந்து, ஆமாம்மா ஆமாம்மான்னு தலையாட்டினார். அவர் மூஞ்சியில ரத்தமே இல்ல.

அக்காவுக்குத் தெரியாம மாமா போய் அந்தத் தலைவரைப் பார்த்தார், நான் வெளிய வண்டியில இருந்தேன். கொஞ்சம் இறக்கி வாசிக்க முடியுமான்னு கேட்டிருக்கார். வயலின்காரங்களுக்கும் கிளாரினெட்காரருக்கும் எழுதி வச்சது எல்லாம் இந்த சுருதியிலதான் இருக்கு, ஒரு பாட்டுக்காக இருபது பேருக்கும் மாத்தி எழுத முடியாது, முடியலைன்னா சொல்லிடுங்க, வேற பொண்ணைக் கூப்பிட்டுக்கறேன்னு அவர் சொல்லிட்டார். அவர் மேலயும் தப்பில்ல. வெளிய வந்தப்ப, "அக்காகிட்ட சொல்லிடலாம் மாமா"ன்னேன். "நான் பார்த்துக்கறேன் மாப்ள"ன்னார். நானும் சொல்லப் போறார்னு நம்பினேன்.

அடுத்தடுத்த ஒத்திகையில அக்கா பாடறப்ப கழுத்து நரம்பு புடைச்சுது. எனக்கு சுருதி ஞானம் மட்டு, கை கால் ரெண்டும்தான் ஓடும். பெரிய மேடைங்கற பதட்டம்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் கடைசிப் படியில கீச்சுன்னு உடைஞ்சுது. அக்கா நின்னா. மாமாவும் நிறுத்தினார். "இன்னிக்குப் போதும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு அவளைக் கடையிலேர்ந்து கூட்டிட்டு வரப் போனேன். வண்டியில ஏறினதும் வழக்கமான திட்டு வரலை. கொஞ்ச தூரம் போனதும், "டேய், திரும்ப வந்துடுச்சுடா"ன்னா.

"என்ன வந்துடுச்சு?"

"அதான், முன்ன வந்ததே. போன மாசம் பாடின அதே கட்டை, அவர் விரலைக்கூடப் பார்த்தேன், அதே இடம். எட்ட மாட்டேங்குது. நாளுக்கு நாள் கீழ போகுது. டெஸ்டுக்குக் கொடுத்திருக்கேன். உங்க மாமாகிட்ட மூச்சு விடாத. அந்த மேடையில ஒரு தடவை பாடிட்டேன்னா போதும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கறேன். அது வரைக்கும் தாங்கினாப் போதும்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவளை வீட்ல இறக்கி விட்டுட்டு நேரா கண்ணாடிக் கடைக்குப் போனேன். மாமா மெஷின்ல லென்ஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"சுருதியை ஏத்தினீங்களா?"ன்னு கேட்டேன்.

மெஷினை நிறுத்தினார். "அரை அரையாத்தான் மாப்ள. இறக்கினப்ப அவளுக்குத் தெரியலையே. அதே மாதிரி தெரியாம ஏத்திட்டா, குரல் தானா பழகி மேல வந்துடும்னு நினைச்சேன். நிகழ்ச்சிக்குள்ள ஐந்தரை வந்துட்டா நிஜமாவே வந்த மாதிரிதானே?"

"அவ சாகப் போறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கா மாமா!"

கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு அப்படி ஒரு கோபம், அவர் கையில இருக்கற லென்ஸைப் பிடுங்கி எறியணும் போல. ஆனா அதுக்குள்ள அவரே லென்ஸை மேசையில வச்சுட்டார். சீக்கிரம் கிளம்பறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டு என் கூடவே வந்துட்டார்.

அக்கா முன் ரூம்ல துணி மடிச்சுக்கிட்டிருந்தா. மாமா நின்னபடியே சொன்னார். "உனக்கு ஒண்ணுமில்லம்மா. நோயெல்லாம் இல்ல. நான்தான் சுருதியை ஏத்தினேன்."

அக்காவுக்கு முதல்ல புரியலை. புரிஞ்சதும் நெஞ்சுல கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. அப்புறம் சிரிச்சா. "அடப்பாவி மனுஷா! ஐந்தரைக்கு மேல எதுக்கு ஏத்தினீங்க? என்னை என்ன குயில்னு நினைச்சீங்களா? நான் எப்படிப் பயந்து செத்தேன் தெரியுமா?"

அந்த இடத்துல நான் வெளிய போயிருக்கணும். போகலை.

"மேல இல்லம்மா"ன்னார் மாமா. "ஐந்தரைக்கு இன்னும் அரைக் கட்டை பாக்கி இருக்கு."

அக்கா அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மாமா ஸ்டிக்கரை உரிச்சு, எண்ணைக் காட்டி, எல்லாத்தையும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவ குறுக்க பேசலை. கையில ஒரு துண்டு இருந்துச்சு, அதை மடிச்சதையே மடிச்சுக்கிட்டிருந்தா.

"அன்னிக்கு வெந்நீர் குடிக்கப் போனேனே, அப்பவா?"

"ம்."

"அப்ப அன்னிக்கு வரலையா?"

"ஆஸ்பத்திரியில அந்தப் பொம்பளைங்ககிட்டெல்லாம் போய் என்னைப் பாருங்கன்னு சொன்னேனேங்க"ன்னா அக்கா. அப்பத்தான் அழுதா. மாமா கீழ உக்காந்து, "நாலு கட்டையில உன்னை மாதிரி பாட யாரும்மா இருக்கா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருந்தார். அது உண்மைதான். ஒரு வார்த்தை கூடப் பொய்யில்ல. கடைசியில அவர் சுருதியை நாலுக்கே இறக்கிட்டு, மாடிப்படியோட முதல் வரியை மெதுவா வாசிச்சார். அக்கா மூச்சை இழுத்தா, வாயைத் திறந்தா, அப்படியே மூடிக்கிட்டா.

பெரிய குழு நிகழ்ச்சியில வேற ஒரு பொண்ணு பாடினா. எங்களுக்கு வந்திருந்த ரெண்டு பார்ட்டியையும் மாமா போன் பண்ணி வேண்டாம்னுட்டார். வீட்ல சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல. அக்கா அவருக்குச் சாப்பாடு போடறா, பேசறா. ஆனா வேலை செய்யறப்ப வாய்க்குள்ள முனகுவாளே, அது நின்னுடுச்சு. மாமா அதைக் கேக்கறதுக்குன்னே சமையலறைப் பக்கம் போய்ப் போய் நிக்கிறார்.

டெஸ்ட் ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். எல்லாம் சுத்தம். வாங்கினதும் தலைகால் புரியாம அக்கா கடைக்கே ஓடினேன். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல கத்தினேன். "பாரு, ஒண்ணுமே இல்ல! நல்லா இருக்கே! பெரிய மேடை போனாப் போகுது, நம்ம மூலை எங்கயும் ஓடிப் போகலை. நாலு கட்டையிலயே பாடேன், எவன் கேக்கப் போறான்?"

அக்கா மெஷினை நிறுத்தி, ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சா. ஒழுங்கா மடிச்சு என்கிட்டயே கொடுத்தா.

"அந்த நோயே திரும்பி வந்திருந்தாக்கூட, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு பாடியிருப்பேன்டா. என் குரல் போகுதேன்னு அழுதுக்கிட்டாவது பாடியிருப்பேன். அது என்னிக்கோ போயிடுச்சாம். இப்ப நான் யார் குரல்ல பாடறது?"

அவ அடுத்த பேன்ட்டை எடுத்து, அளந்து, ஊசி குத்த ஆரம்பிச்சா.