கால்சட்டைப் பையில் நாலு வால்டியூப்

எழுபதுகளின் கடைசி. நெய்வேலி டவுன்ஷிப்பில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம், மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரி வேலியோரம் நடந்தது இது. என் மனைவியிடம்கூட பாதிதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு பெரிய அறை, பக்கத்தில் சமையலறை. அப்பாவுக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணி வரைக்கும் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அந்த நேரத்தில் வீட்டில் விளக்கு எரியக் கூடாது. டம்ளர் விழுந்தாலே அம்மா பதறுவார். "ஏலே, புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வெளிய போயிப் படிலே. அப்பா செத்த கண்ணசரட்டும்" என்று வாசலைக் காட்டுவார். காலை ஷிப்ட் வாரத்திலும் இதே கதைதான். விடியுமுன் எழ வேண்டும் என்று அப்பா ஏழரைக்கே படுத்துவிடுவார்.

புத்தகத்தோடுதான் வெளியே போவேன். தெருவிளக்கின் கீழே எத்தனை நாள் உட்கார முடியும்? பூச்சி கண்ணில் விழும். மெல்ல மெல்லப் புத்தகம் வீட்டிலேயே தங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி மேடையில் இரண்டு பேர் எனக்குச் சேர்க்கை ஆனார்கள். ஒருவன் என் வகுப்புத்தான், ஆனால் இரண்டு முறை பெயிலாகி எங்களைவிட ஒரு தலை உயரமாக இருப்பான். மார்க் ஷீட் வரும் நாளெல்லாம் அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். இன்னொருவன் ஆபீசர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் எல்லாம் இருந்தது, பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

முதலில் ஸ்பெஷல் கிளாசுக்கு மட்டம் போட்டோம். பிறகு பீடி. பிறகு புராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தை நாங்களே போட்டுக்கொண்டோம். மூவரில் என் கையெழுத்துத்தான் சுத்தம் என்பதால் மற்ற இருவருக்கும் நான்தான் போட்டேன். ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதனால் எந்த இடத்திலும் பயம் வரவில்லை.

கடைசியாகப் பிடித்த விளையாட்டு வால்டியூப். சைக்கிள் டயரில் காற்று வெளியேறாமல் பிடித்து வைத்திருப்பது விரல்நுனி அளவு பித்தளைக் குழாய். அதன் மேல் மெல்லிய ரப்பர் உறை இருக்கும். இரண்டையும் சேர்த்து உருவிவிட்டால் புஸ்ஸென்று காற்று போய்விடும். அதை விற்கவும் இல்லை, ஒன்றும் செய்யவும் இல்லை. சைக்கிள்காரர் வந்து டயரை அமுக்கிப் பார்க்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இருந்து பார்த்துவிட்டு வந்து நடித்துக் காட்டுவது என் வேலை.

அன்றைக்கும் ஸ்பெஷல் கிளாசுக்குப் போகவில்லை. நாலரை மணி இருக்கும். ஆஸ்பத்திரி வேலியில் சாய்த்திருந்த சைக்கிள்களில் நாலை உருவினோம். நாலையும் என் பையில் போட்டுவிட்டு மற்ற இருவரும் தொட்டி மேடைக்கு ஓடிவிட்டார்கள். எதிரே மரத்தடியில் நான் காத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வெளியே வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். காக்கி அரைக்கால் சட்டை, அதில் பழுப்பு நிலக்கரித் தூசி. காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிற பக்கத்துக் கிராமத்து ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு கையாலும் ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார். அவள் வலது கால் முழுக்கப் புத்தம் புதிய மாவுக்கட்டு. வெள்ளை வெளேரென்று இருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை.

கேரியரில் கோணிச்சாக்கு மடித்துக் கட்டியிருந்தது. குழந்தையை அதில் உட்கார வைக்கப் போனவர் டயரைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த முகம் வரவில்லை. திட்டவும் இல்லை. மேலே மேகத்தைப் பார்த்தார், குழந்தையின் காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, எவனோ காத்தப் புடுங்கி வுட்டுட்டுப் பூட்டான். செத்தப் புள்ளயப் புடிச்சுக்கோப்பா" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஓடுவதாக இருந்தால் அதற்கு முன்பே ஓடியிருக்க வேண்டும். அவள் இடது கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கட்டிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது.

அவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வால்டியூபையே உருவிக்கினு போயிருக்கான். சைக்கிளு பக்கத்து வூட்டுக்காரருது, வுட்டுட்டும் போவ முடியாது. கட்டுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எங்க ஊரு அஞ்சு மைலு. இங்க சைக்கிள் கடை எங்கப்பா இருக்குது?"

கடை தூரம்தான். கையை நீட்டி வழி காட்டிவிட்டு நான் கழன்றுகொண்டிருக்கலாம். "வாங்க, காட்டுறேன்" என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் சைக்கிளைத் தள்ளினேன். ஒவ்வொரு அடிக்கும் பைக்குள் அந்த நாலும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அவருக்குக் கேட்டுவிடுமோ என்று காலைக் குறுக்கி வைத்து நடந்தேன்.

குழந்தை மேலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். முந்திரி மரத்தில் ஏறியது, கிளை முறிந்தது, அழவே இல்லை என்பது. "அண்ணா, நீ இங்க இருக்கற பெரிய ஸ்கூல்லயா படிக்கற?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அடுத்த வருசம் என்னயும் இங்கதான் சேக்கறன்னு அப்பா சொல்லிக்கினு இருக்குது" என்றாள்.

அவர் சிரித்தார். "ஆமா, இந்த அண்ணனாட்டம் நீயும் நல்லாப் படிக்கணும். வழியில போற நம்பளுக்கு வேலய வுட்டுட்டு ஒதவுது பாரு" என்றார். அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் பண்ருட்டியில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். "பம்ப எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. வேணும்னா அடிச்சுக்குங்க."

"பம்பு இருந்து என்னாங்க பண்றது, வால்டியூப் இல்லையே" என்றார் இவர். அப்போதுதான் அவர் குரல் முதல் தடவையாகத் தளர்ந்தது. டீக்கடைக் கொட்டகைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. அவர் குழந்தையைச் சட்டென்று உள்ளே கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்து, அந்தக் கட்டைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஒரு கால் நீளக் கட்டை ஒரு கை எப்படி மூடும்?

ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்து, என் சைக்கிளுக்கு வாங்கியது ஒன்று இருக்கிறது என்று பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவசரத்தில் பைக்குள் ஒன்றைத் தனியே பிரிக்க முடியவில்லை. உள்ளங்கையை விரித்தபோது நாலும் வந்திருந்தன.

டீக்கடைக்காரர் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தார். "இவன்தாங்க எடுத்தவன்! கூடவே வந்து நாடகம் ஆடறான் பாருங்க!"

அந்த மனிதர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீக்கடைக்காரரிடம், "வுடுங்க" என்றார். என்னிடம் குனிந்து, "இதுல எது தம்பி நம்புளுது?" என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். எது என்று எனக்கும் தெரியவில்லை. அவரே ஒன்றை எடுத்து, ரப்பரை எச்சில் தொட்டு நனைத்து மாட்டினார். நான் பம்பைப் பிடுங்கி அடித்தேன். தோள் விட்டுப்போகிற மாதிரி அடித்தேன். டீக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒரு யூரியா சாக்கைக் கொண்டுவந்தார். அதைக் கிழித்துக் கட்டின்மேல் சுற்றி, இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டினோம். குழந்தைக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. "அண்ணா, ஏன் அழுவுற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "இன்னும் மூணு பேரு அங்க வந்து முழிச்சுக்கினு நிப்பாங்க. மழ புடிச்சுக்கறதுக்குள்ள ஓடு." அவர் என்னோடு வந்து காவல் நிற்கவில்லை. போவேன் என்று நம்பி, அவர் பாட்டுக்குக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வலப்பக்கம் திரும்பினால் வீடு. நேரே போனால் ஆஸ்பத்திரி. ஓடினேன்.

வேலியோரம் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர், நீட்டியதை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். இன்னொருவர் ஓங்கி ஒரு அறை விட்டார். அறைந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். "டேய், நீ எங்க செக்‌ஷன்காரரு பையன்தானே?" வாட்ச்மேனிடம் பம்பு வாங்கி, மூன்று சைக்கிளுக்கும் என்னையே அடிக்க வைத்தார். மூன்றாவதன் சொந்தக்காரர் இன்னும் வரவேயில்லை. எல்லாம் முடிந்ததும் என்னைக் கேரியரில் உட்கார வைத்து, கொட்டுகிற மழையில் நேரே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மிதித்தார்.

கதவு தட்டிய சத்தத்தில் அப்பா எழுந்துவிட்டார். வந்தவர் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பெல்ட்டை எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்பா அவரிடம், "கொண்டுவந்து விட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

"ஏன்லே?" என்றார் என்னிடம்.

எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. "சும்மா, வெளிய இருந்தப்ப..." என்றேன். அவ்வளவுதான் வந்தது. அந்த 'வெளிய' என்ற சொல்லில் அப்பா நின்றுவிட்டார். படுக்கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இனிமே பயல வெளிய அனுப்பாத. இங்கனயே விளக்கப் போட்டு உக்காந்து படிக்கட்டும்" என்றார்.

"வெளிச்சம் அடிச்சா நீங்க எப்படித் தூங்குவிய?" என்றார் அம்மா.

அப்பா கொடியிலிருந்து துண்டை எடுத்து, கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தார். "இப்படித்தான்."

அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் தூங்கினார். தூங்கினாரா, சும்மா படுத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. பக்கம் புரட்டினால் சத்தம் கேட்குமே என்று நான் விரலை நனைத்துப் புரட்டுவேன். "சத்தமாவே படி, ஒண்ணுமில்ல" என்பார் துண்டுக்குள்ளிருந்து.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். கட்டுப் பிரிக்க வருவார்கள் என்று ஒரு கணக்கு. அவர்கள் வரவில்லை, அல்லது நான் இல்லாத நாளில் வந்து போயிருக்கலாம். அந்தக் கட்டு நனையாமல் ஊர் போய்ச் சேர்ந்ததா, அந்தக் கால் நேராகக் கூடியதா, அவள் பெரிய பள்ளிக்கு வந்தாளா, எதுவுமே எனக்குத் தெரியாது. இன்றும் மழைக்காலத்தில் இது மனசை அரிக்கும்.

என் உயரமான நண்பனும் சில மாதங்கள் கழித்து இதே வேலையில் பிடிபட்டான். அவனைக் காலைப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, திருடன் என்று சொல்லி, டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். அவன் தலைகுனிந்து நின்றதை வரிசையில் நின்று பார்த்தேன். அவன் செய்தது எல்லாம் நானும் செய்ததுதான்.

என்னைத் திருடன் என்று சொல்ல முழு உரிமை இருந்த இரண்டு பேர், அந்தக் குழந்தையின் அப்பாவும் என் அப்பாவும், அன்று அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டார்கள். அதற்குப் பிறகு நான் நேராக நடந்த தூரமெல்லாம் அவர்கள் இருவரும் எனக்குக் கொடுத்தது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.