அக்கா பேருக்கு எழுதிய மாத்திரை

அக்காவை ஏற்றாமல் ஜீப் கிளம்பிப் போன அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. கூடலூர் முக்கில் அவள் தூக்குச்சட்டியோடு நின்றாள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் மற்ற பெண்கள் பின்பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு போனார்கள். குமுளி மலையேறும் ஒவ்வொரு ஜீப்பும் ஒரு தோட்டத்து ஆட்களுக்கானது. வேறு வண்டியில் தொற்றிக்கொள்ள முடியாது. அவள் கூலியில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரு மாத்திரை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கம்பம் அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மாத்திரை வாங்குவாள். அதைப் போட்டால் தூக்கம் சொக்கும் என்பது ஜீப் முழுக்கத் தெரியும். முதல் நாள் மாலை ஜீப் ஓட்டும் மாமா, எங்களுக்குத் தூரத்து உறவு, வாசலில் வந்து நின்றார்.

"ராத்திரி நாலு தடவ எந்திரிச்சு வெளிய போறேன். கண்ணே மூட மாட்டேங்குது. உம் மாத்திரைல ரெண்டு குடு ஆத்தா."

"தர மாட்டேன் மாமா. அது எம்பேருக்கு டாக்டரு எழுதுனது."

"தின்னது யாருன்னு பாக்க மாத்திரைக்குக் கண்ணா இருக்கு?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்த புதிது. சும்மா இருக்க முடியவில்லை. ஒருவர் பேருக்கு எழுதிய இந்த மாதிரி மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்றேன்.

"வந்துட்டாக வக்கீலு! ஏலே, படிச்சு முடிச்சு வந்து என்னைய செயில்ல போடு." அக்காவிடம் திரும்பினார். "நாளைலருந்து என் வண்டில ஏறாத."

சட்டம் பேசியவன் நான்; வேலை போனது அவளுக்கு. ஆனால் அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அத்தன பொம்பளைகள வச்சுக்கிட்டு மலையேறுற மனுசன்டா. வளைவுல கண்ணு சொக்குனா என்னாகும்?" என்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டில்தான் இருந்தாள்.

மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தது. நேராக மாமா வீட்டுக்குப் போனாள். "கெளம்புங்க மாமா. வரிசைல நான் நிக்கேன். உங்க பேர மட்டும் நீங்க சொல்லுங்க." அத்தை சிரித்துக்கொண்டே அவரை வெளியே தள்ளினார். ரத்தம் சோதித்தார்கள். அவரை இரவில் எழுப்பியது சர்க்கரை. டாக்டர் எழுதியது வேறு மாத்திரை.

இன்று தேனியில் மருந்துக்கடையில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையைக் காட்டி அதேபோல் கேட்பவர்கள் உண்டு. மறுத்தால் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். எனக்கு வருத்தமில்லை. நான் புத்தகத்தில் படித்த சட்டத்துக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்தவள் என் அக்கா.

அன்று மாமாவுக்கு ரத்தம் சோதித்த மறுநாள் விடியலில் எங்கள் வாசலில் ஜீப் ஆரன் அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மாமா, "பின்னால போத்தா, அது இங்கன உக்காரட்டும்" என்றார். "டாக்டரு என்ன சொன்னாக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சீனியாம். வாய மூடிட்டு வா." அக்கா முன் இருக்கையில் ஏறினாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை, அவ்வளவு மிடுக்கு.